எஸ் எத்தனையாவது மாடி?

ஐந்து மாடிக் கட்டடம். தரைத்தளத்துக்கு எண் ஒன்று, உச்சிக்கு ஐந்து. மாடிக்கு ஒருவராக ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். பி, க்யூ, ஆர், எஸ், டி. ஆளுக்கொரு பழம் பிடிக்கும்; ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்காது. மா, பலா, கொய்யா, மாதுளை, சப்போட்டா. யார் எந்த மாடியில் இருக்கிறார், யாருக்கு எந்தப் பழம்?

இந்தக் கட்டடம் நிற்பது பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தின் முற்றத்தில், வேப்பமரத்தடிச் சிமெண்ட் பலகையில், கோடு போட்ட நோட்டின் ஒரு பக்கத்தில். எழுப்பியவர் முப்பதைத் தொடப்போகும் ஒரு பெண். கழுத்தில் தாலிக்கயிறு, கையில் நீல மைப் பேனா. டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு பாதியில் நிற்கிறது. மூடியை அதன்மேல் சாய்த்து வைத்தவர் அப்படியே மறந்துவிட்டார். அவருக்கு இரண்டு பக்கமும், ‘அக்கா’ என்று கூப்பிட்டபடி இரண்டு பையன்கள். வலப்பக்கத்துப் பையனின் செல்போனில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்தடி தள்ளி இன்னொரு பலகை. அதில் கருப்புக் கண்ணாடி அணிந்த ஓர் இளைஞர். வெள்ளைக் கோலை மடக்கித் தொடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் அவருக்குப் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறாள். இந்த முற்றத்தில் ஒருவர் புத்தகம் வாங்கினால் நாலைந்து ஜெராக்ஸ் பிறந்துவிடும். அவள் மடியில் இருப்பது புத்தகம், அக்காவின் மடியில் இருப்பது அதன் ஜெராக்ஸ். அங்கேயும் இன்னும் சற்று நேரத்தில் இதே ஐந்து பேர் குடிவரப் போகிறார்கள்.

நான் படிக்கட்டில் இருக்கிறேன். கையிலுள்ள செய்தித்தாளின் பக்கம் திரும்பி வெகுநேரமாகிறது. அவர்கள் ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொல்லித்தான் போடுகிறார்கள். அதனால் தாளின் ஓரத்து வெள்ளையில் எனக்கும் ஒரு கட்டடம் வளர்ந்துவருகிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மரத்தடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். உள்ளே மின்விசிறி உண்டு, ஆனால் வாய் திறக்கக் கூடாது. ‘பஸில்’ போடுகிறவர்களுக்கு வாய் வேண்டும். ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, மூன்றாவது ஆள் ‘அந்த வரிய இன்னொருக்க வாசி’ என்று கேட்க வேண்டும். ஆகவே வெயிலைப் பொறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

கிளார்க் வேலைக்கான ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் மொத்தம் 100 கேள்விகள், 60 நிமிடம். அதில் தருக்கத்துக்கு 35 கேள்விகள், அதற்கென்று தனியாக 20 நிமிடம். நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும், திரும்பிப் போக வழியில்லை. அந்த 35இல் கணிசமான பங்கு இப்படி ஆட்களைக் குடியமர்த்தும் வேலைதான். எட்டுப் பேர் எட்டு மாடியில், எட்டுப் பேர் வட்ட மேசையில், ஏழு பேர் ஏழு கிழமையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள். ஒரு கட்டடத்தை ஒட்டி நான்கைந்து கேள்விகள் வரும். கட்டடம் நின்றுவிட்டால் அத்தனையும் கைக்கு வரும். பாதியில் சரிந்தால் மதிப்பெண்ணும் இல்லை, செலவழித்த நிமிடங்களும் இல்லை. குத்துமதிப்பாகப் போட்டாலோ ஒவ்வொரு தப்புக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பில் கால் பங்கு கழியும். வயது வரம்பு பொதுவாக 28. பிற்படுத்தப்பட்டோருக்கு 31, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 33. தாலிக்கயிறு கட்டிய அக்காவுக்கு இந்த எண்களில் எது பொருந்தும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நாள் கணக்காகவே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் பயிற்சி மையங்களின் குறுக்குவழி வித்தை என்று ஒதுக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. வேலைக்குப் போனபின் எந்த வங்கிக்காரர் பழம் பிடித்தவரை மாடியில் தேடப் போகிறார் என்று கேட்பார்கள். அவர்கள் ஒரு மதியம் இந்த மரத்தடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இங்கே நடப்பது சுத்தமான சிந்தனை. அதை நான் கல்லூரி வகுப்பறைகளில்கூட இவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

அக்காவின் ஜெராக்ஸில் முதல் வரி, ஆருக்கு மாதுளை பிடிக்காது என்கிறது. இரண்டாவது, பலாப்பழம் பிடித்தவர் இரட்டைப்படை மாடியில் இருக்கிறார் என்கிறது. இடப்பக்கத்துப் பையன் உடனே பலாவை இரண்டாம் மாடியில் எழுதப் பேனாவை நீட்டினான். அக்கா அவன் கையைத் தட்டிவிடவில்லை, நோட்டைத்தான் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

‘இதுல இன்னும் ஒண்ணுமில்லப்பா. ஓரத்துல குறிச்சு வய்யி. பெறவு வரும்.’

நோட்டின் ஓரத்தில் இரண்டு சிறு குறிப்புகள் விழுந்தன. எந்த வரி இப்போதே வேலை செய்யும், எது காத்திருக்க வேண்டும் என்று பிரித்தறிவதுதான் இந்தக் கலையின் முதல் பாதி. ‘இல்லை’ என்று சொல்லும் வரிகள் தொடக்கத்தில் ஊமையாக இருக்கும். இடமெல்லாம் நிரம்பி இரண்டு ஆள் மட்டும் மிஞ்சும்போது அந்த ஊமை வரிதான் பேசும்.

மூன்றாவது வரி வேறு சாதி. பி ஒற்றைப்படை மாடியில் இருக்கிறார், அவருக்கு நேர் மேலே இருப்பவருக்கு மாம்பழம் பிடிக்கும்.

‘பி அஞ்சுல இருக்க முடியாதுலா. மேல ஆளு வேணும்லா’ என்றார் அக்கா. ‘ஒண்ணு, இல்லன்னா மூணு.’

அடுத்து அவர் செய்ததைப் பார்க்கத்தான் நான் இங்கே வந்து உட்காருகிறேன். கட்டடத்துக்கு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். ஒரு கட்டடம் இரண்டாயிற்று. இடப்பக்கத்தில் பி ஒன்றாம் மாடி, மாம்பழம் இரண்டாம் மாடி. வலப்பக்கத்தில் பி மூன்று, மாம்பழம் நான்கு. ‘கேஸ் ஒண்ணு, கேஸ் ரெண்டு’ என்று தலைப்பில் எழுதினார். இரண்டுக்கும் ஒரே அளவு இடம் விட்டிருந்தார்.

எது சரி என்று தெரியாதபோது மனம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் துடிக்கிறது. எழுதிவிட்டால் நிம்மதி. அந்த நிம்மதியை வேண்டாம் என்று சொல்லி, இரண்டையும் உயிரோடு வைத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஆசை வைக்காமல் அடுத்த வரிக்குப் போவது சிரமம். ஊர் வழக்குகளில், கல்யாணப் பேச்சுகளில், ஆஸ்பத்திரி வாசல்களில் பெரியவர்களே தடுமாறும் இடம் இது. இருபத்தோரு வயதுப் பிள்ளைகள் இதை நாள்தோறும் பழகுகிறார்கள்.

நான்காவது வரி. க்யூவுக்கும் மாம்பழக்காரருக்கும் நடுவே இரண்டு மாடிகள். மாம்பழம் இரண்டில் என்றால் க்யூ ஐந்து. மாம்பழம் நான்கில் என்றால் க்யூ ஒன்று. இரண்டு கட்டடத்திலும் க்யூ தடையில்லாமல் குடியேறிவிட்டார். ஐந்தாவது, எஸ்ஸுக்கு நேர் மேலே ஆர். வலப்பக்கத்தில் மீதியிருப்பவை இரண்டு, நான்கு, ஐந்து. ஒட்டி இருப்பவை நான்கும் ஐந்தும் மட்டும். எஸ் நான்கு, ஆர் ஐந்து, டி இரண்டு. இடப்பக்கத்தில் இரண்டு, மூன்று, நான்கு மீதியிருந்தன. எஸ்ஸும் ஆரும் அங்கே இரண்டு விதமாக உட்காரலாம். அக்கா சட்டென்று கேஸ் ஒன்றையே இரண்டாகப் பிரித்தார். ஆறாவது வரி, டிக்கு மாம்பழம் பிடிக்காது. டி இரண்டாம் மாடிக்குப் போனால் மாம்பழம் அவர் தலையில் விழும், ஆகவே அது கூடாது. புதிதாகப் பிரித்தது பிறந்த கணத்திலேயே அடிபட்டது. இடப்பக்கத்திலும் ஒரே வரிசை மிஞ்சியது: பி, எஸ், ஆர், டி, க்யூ.

‘இப்பப் பலாவப் பாரு’ என்று இடப்பக்கத்துப் பையன் ஓரத்துக் குறிப்பை எடுத்துக் கொடுத்தான். முதலில் அவசரப்பட்டவன் அவன்தான். இரட்டைப்படை மாடிகளில் ஒன்றை மாம்பழம் பிடித்துக்கொண்டது, மற்றதில் டி. இரண்டு கட்டடத்திலும் பலா டிக்குத்தான்.

அதோடு நின்றுவிட்டது. அடுத்த வரி இல்லை.

‘ரெண்டு கேஸும் ஓடுதேக்கா.’

‘ஓடுது.’

‘மொதல் கேஸ எடுத்துக்கிடுவோம். டைம் போவுது.’

‘எதுக்குல எடுக்க? அது தப்புன்னா?’

‘தப்புன்னு எங்க இருக்கு?’

‘சரின்னு எங்க இருக்கு?’

பையன் பேசவில்லை. அக்கா ஆறு வரிகளையும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஐந்து பேரை ஐந்து மாடியில் உட்கார வைக்க 120 வழி. ஐந்து பழத்தைப் பங்கிட இன்னொரு 120. பெருக்கினால் 14,400. என் செய்தித்தாள் ஓரத்தில் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினாலாயிரத்துச் சொச்சத்தை ஆறு வரிகள் எட்டாகக் குறைத்திருந்தன, கட்டடத்துக்கு நான்கு வீதம். எட்டு ஒன்றாக வேண்டும். தேர்வுக்குப் புதிர் எழுதுகிறவருக்கு ஒரு தர்மம் உண்டு: விடை ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அக்கா அந்தத் தர்மத்தை நம்புகிறார். ‘எங்கயோ ஒண்ண விட்டுட்டோம்’ என்றாரே தவிர, புதிர் தப்பு என்று சொல்லவில்லை.

சோர்வு வந்த நேரம் பார்த்து, நேரம் பார்த்துக்கொண்டிருந்த பையன் செல்போனைத் தூக்கிக் காட்டினான்.

‘எக்கா, ஐன்ஸ்டீன் பஸில் பாத்திருக்கியளா? அஞ்சு வீடு, அஞ்சு நாட்டுக்காரன். ஐன்ஸ்டீன் சின்னப் பிள்ளையில எழுதுனதாம். உலகத்துல ரெண்டு பர்சென்ட் ஆளுதான் போட முடியுமாம்.’

‘இத முடிப்போம். பெறவு பாப்போம்’ என்றார் அக்கா.

இந்த ஐன்ஸ்டீன் கதை செல்போன் தோறும் சுற்றுகிறது. ஐந்து வண்ண வீடுகள், ஐந்து நாட்டினர், ஐந்து விலங்கு, ஐந்து பானம், ஐந்து சிகரெட். தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை வைத்திருப்பவர் யார் என்பது கேள்வி. லைஃப் இண்டர்நேஷனல் இதழில் 1962 டிசம்பர் 17 அன்று அது அச்சானது. விடை அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்தது. நார்வேக்காரர் தண்ணீர் குடிக்கிறார், வரிக்குதிரை ஜப்பானியருடையது. ஐன்ஸ்டீன் எழுதினார் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. அந்த இதழ்ப் புதிரில் வரும் கூல் சிகரெட் சந்தைக்கு வந்தது 1933இல். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு சதவீதம் என்பதும் யாரோ கிளப்பிவிட்டதுதான். அந்தப் புதிரில் வீடுகளை 120இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 2,488 கோடிக்கு மேற்பட்ட வகைகளில் நிரப்பலாம். கேட்கத் திகைப்பாக இருக்கும். ஆனாலும் அது இந்த மரத்தடிப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இல்லை. எட்டு மாடி, எட்டு ஊர், எட்டு நிறம் என்று மூன்றடுக்குப் புதிர்களை இவர்கள் நிமிடக் கணக்கில் போடுகிறார்கள். ரெண்டு பர்சென்ட் என்று யாரோ எழுதியதைப் பார்த்து இவர்கள் தங்களைக் குறைத்து எண்ணிக்கொள்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த பலகையில் வாசிப்பு தொடங்கிவிட்டது.

‘ஆருக்கு மாதுளை பிடிக்காது.’

‘ம்.’

‘பலாப்பழம் பிடிச்சவர் இரட்டைப்படை மாடி.’

‘ம்.’

‘பி ஒத்தப்படை மாடி. பிக்கு நேர் மேல இருக்கவருக்கு மாம்பழம் பிடிக்கும்.’

‘நிப்பாட்டு பிள்ள.’

இளைஞர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முழங்காலின்மேல் கவிழ்த்தார். சுண்டுவிரல் தரைத்தளம், கட்டைவிரல் உச்சி. இடக்கையில் சுண்டுவிரலை அழுத்தி ‘பி’ என்றார், மோதிரவிரலை அழுத்தி ‘மாம்பழம்’ என்றார். வலக்கையில் நடுவிரலுக்கு பி, ஆட்காட்டிவிரலுக்கு மாம்பழம். அக்கா கோடு போட்டுப் பிரித்த அதே இரண்டு கட்டடங்கள். இங்கே அவற்றுக்கு மையும் இல்லை, தாளும் இல்லை.

அவளும் அவசரப்படுத்தவில்லை. அவர் ‘ம்’ சொல்லும்வரை அடுத்த வரியைத் தொடவில்லை. குரலில் ஏற்ற இறக்கம் வைக்காமல், எல்லா வரியையும் ஒரே எடையில் வாசிக்கிறாள். எதையாவது அழுத்தி வாசித்தால் அது குறிப்புக் கொடுத்ததாகிவிடும் என்று தெரிந்தவள். தேர்வுக்கூடத்தில் பார்வையற்றவருக்காக வாசித்து, அவர் சொல்லும் விடையைச் சொடுக்குகிறவரை ஸ்க்ரைப் என்கிறார்கள். தேர்வர் தாமே ஆளை அழைத்து வந்தால், அவருடைய படிப்பு தேர்வரின் படிப்புக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று 2018இல் ஒன்றிய அரசு நெறிமுறை வகுத்தது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. அவர் பட்டம் முடித்தவர், அவள் இன்னும் படித்துக்கொண்டிருப்பவள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிகிறது. ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறாள். உறவா, பக்கத்து வீடா, அது எனக்கு வேண்டாத சங்கதி.

வெள்ளைக் கோல் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் கோல் தட்டும் ஒலி கேட்டால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வழிவிட்டு நகர்ந்துகொள்வார்கள். ஆனால் ஒருவர் தருக்கக் கட்டடத்தை விரலில் எழுப்புவதை நான் இந்த மரத்தடியில்தான் பார்த்தேன். எட்டு மாடி வந்தால் அவர் விரல்களை விட்டுக் கணுக்களுக்குப் போய்விடுவார். நான்கு விரலில் மும்மூன்றாகப் பன்னிரண்டு கணுக்கள், அவற்றின்மேல் கட்டைவிரல் ஏறி இறங்கும். நம் பாட்டிமார் அமாவாசைக்கு நாள் எண்ணியது அப்படித்தான்.

அமெரிக்காவில் சட்டக்கல்லூரிகளில் சேருவதற்கு எழுதும் எல்சாட் தேர்வில் இதே மாதிரிப் புதிர்கள் 1982 முதல் ஒரு தனிப் பகுதியாக இருந்தன. நான்கு புதிர்கள், 35 நிமிடம். பார்வையற்ற தேர்வர் ஒருவர், படம் வரைந்து போட வேண்டிய பகுதியை வரைய முடியாதவர்மேல் சுமத்துவது அநீதி என்று வழக்குத் தொடுத்தார். 2019இல் சமரசம் ஆயிற்று. 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து அந்தப் பகுதியே எடுக்கப்பட்டது. அந்த மனிதர் கேட்டது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். இந்த இளைஞர் விரலில் போடுகிறாரே என்று அவருக்கு எதிராக இவரைக் காட்டக் கூடாது. அக்காவின் கட்டடம் தாளில் நிற்கிறது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் அங்கேயே இருக்கும். இவருடையது இவர் பிடித்திருக்கும்வரைதான் நிற்கும். ஒரு லாரி ஹாரன் அடித்தாலும் மூன்றாவது மாடி ஆடுகிறது. அப்போது அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடியிலிருந்து மறுபடி அழுத்தி வருகிறார். கூடுதலாகக் கிடைக்கும் 20 நிமிடத்தில் எவ்வளவு இதற்கே போய்விடும் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

‘டிக்கு மாம்பழம் பிடிக்காது.’

‘ம். ரெண்டு கையிலயும் எஸ்ஸுக்குத்தான் மாம்பழம்’ என்றார் அவர். ‘எந்தக் கைன்னு தெரியாட்டியும் அது எஸ்தான். அந்தக் கேள்வி வந்தா இப்பவே போட்டுரலாம்.’

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் நோட்டிலும் அதுதான் இருக்கிறது, என் செய்தித்தாள் ஓரத்திலும் அதுதான் இருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எஸ் இரண்டாம் மாடியா, நான்காம் மாடியா என்பது தெரியாது. எஸ்ஸுக்கு மாம்பழம் பிடிக்கும் என்பது தெரியும். வழி இரண்டாகப் பிரிந்த பின்னும் இரண்டு வழியிலும் மாறாமல் இருப்பதை அவர் தேடிப் பிடித்திருக்கிறார். முழுவதும் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்பதில்லை. தெரியாமை மிச்சமிருக்கும்போதே சில விஷயங்கள் உறுதியாகிவிடுகின்றன. தாளில் போடுகிறவருக்கு இரண்டு பத்திகள் தனித்தனியாகத் தெரிகின்றன. கைகளில் போடுகிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டுக்கும் பொதுவானது அவருக்கு முதலில் தட்டுப்பட்டிருக்கலாம். அல்லது அவர் நல்ல தருக்கக்காரர், அவ்வளவுதான். இந்த இரண்டாவது காரணமே போதும் என்றும் தோன்றுகிறது.

‘கடைசி வரி. கொய்யாப்பழம் பிடிச்சவர் பிக்குக் கீழ உள்ள மாடியில இருக்கார்.’

இடக்கை மடங்கியது. சுண்டுவிரலில் பி, அதற்குக் கீழே யாரும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் பலகையிலிருந்து இந்த வரியை நான் கேட்கவே இல்லை. ஆறு வரிகள்தான் அங்கே வாசிக்கப்பட்டன, திரும்பத் திரும்ப அதே ஆறு. எழுந்து போய்ச் சொல்லலாம், பத்தடிதான். சொல்லவில்லை. அவர்கள் இரண்டு கட்டடத்தையும் சுமந்துகொண்டு நிற்பதில் ஒரு கம்பீரம் இருந்தது. அதை இறக்கிவைக்கும் உரிமை அவர்களுடையது.

இதற்குள் இடப்பக்கத்துப் பையன் கேஸ் இரண்டின் மேல் பேனாவை வைத்துவிட்டான். ‘அடிக்கட்டுமா?’ அக்கா நோட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பிறகு அடுத்த பலகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

‘தம்பி, நீங்களும் மாடிக் கணக்குதான போடுதிய? மாம்பழம் உங்களுக்கு யாருக்கு வருது?’

‘எஸ்ஸுக்குக்கா.’

‘எங்களுக்கும் எஸ்தான். பலா?’

‘டி.’

‘அதுவும் ஒத்து வருது. எஸ் எத்தனையாவது மாடி?’

‘நாலு.’

‘எங்களுக்கு ரெண்டும் வருது, நாலும் வருது. ரெண்ட எப்படிக் கழிச்சிய?’

‘கொய்யாப்பழம் பிக்குக் கீழன்னு கடைசி வரில இருக்குல்லா? பி தரையில இருந்தா கீழ ஏது ஆளு?’

அக்கா ஜெராக்ஸைக் கையில் எடுத்தார். பக்கத்தின் அடி விளிம்பில் எழுத்துகளின் தலைகள் மட்டும் ஒரு வரிசை தெரிந்தன. கொம்புகளும் புள்ளிகளும் மேல்வளைவுகளும் இருந்தன, உடம்பு இல்லை. நகல் எடுத்தவர் தாளைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருக்கிறார்.

‘வெட்டுப்பட்டிருக்குல!’ என்று இடப்பக்கத்துப் பையன் கத்தினான். நூலகக் காவலாளி வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்காவின் முகத்தில் வந்தது எரிச்சல் இல்லை, திருப்தி. புதிர் நேர்மையாகத்தான் இருந்திருக்கிறது. கேஸ் ஒன்றின்மேல் ஒரே கோடு. பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. பி மூன்றில் இருந்தால் கீழே இருப்பவர்கள் க்யூவும் டியும். டி பலாக்காரர், ஆகவே கொய்யா க்யூவுக்கு. மிச்சம் பியும் ஆரும், மாதுளையும் சப்போட்டாவும். முதலில் ஓரத்தில் குறித்து வைத்த ஊமை வரிக்கு இப்போது வாய் வந்தது. ஆருக்கு மாதுளை பிடிக்காது; ஆகவே ஆருக்குச் சப்போட்டா, பிக்கு மாதுளை. கீழிருந்து மேலாக க்யூ, டி, பி, எஸ், ஆர். எட்டு வழிகளில் ஏழை அடித்தது அந்த வெட்டுப்பட்ட ஒற்றை வரி.

‘ஆன்சர் பக்கம் பாருங்கண்ணே’ என்றான் செல்போன் பையன்.

‘எதுக்கு? ஏழு வரி இருக்குல்லா’ என்றார் இளைஞர். ‘ஒவ்வொண்ணா வாசி பிள்ள. ஒத்து வருதான்னு பாப்போம்.’

அவள் முதலிலிருந்து வாசித்தாள், அதே எடையில். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பலகையிலிருந்தும் பதில் வந்தது. ஆருக்கு மாதுளை இல்லை, சரி. பலா இரண்டில், சரி. பி மூன்றில், மேலே மாம்பழம், சரி. க்யூவுக்கும் மாம்பழத்துக்கும் நடுவே இரண்டு மாடி, சரி. ஏழும் முடிந்தது. விடைப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. படிப்பில் எத்தனையோ விடைகளுக்கு நாம் இன்னொருவர் வாயைப் பார்த்து நிற்கிறோம். இந்த விடை சரிதான் என்று சொல்ல அந்த ஏழு வரிகளே போதுமாக இருந்தன.

அக்கா டிபன் பாக்ஸைக் கண்டுபிடித்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூடியை அழுத்தி மூடிவிட்டு, ஜெராக்ஸையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு அடுத்த பலகைக்கே வந்துவிட்டார்.

‘அடுத்தத உங்க புஸ்தகத்துலயே போடுவோம் தம்பி. இதுல இன்னும் எத்தன வரி போயிருக்கோ.’

இளைஞர் கோலை எடுத்து இடம் விட்டார். பையன்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் செல்போனில் நேரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். கல்லூரிப் பெண் பக்கத்தைத் திருப்பினாள்.

‘எட்டுப் பேரு வட்ட மேசையைச் சுத்தி உக்காந்திருக்காங்க.’

‘எல்லாரும் உள்ள பாத்தா, வெளிய பாத்தா?’ என்று கேட்டார் இளைஞர்.

‘நாலு பேரு உள்ள பாத்து, நாலு பேரு வெளிய பாத்து.’

‘யாரு யாருன்னு?’

‘போடலண்ணே. நாமதான் கண்டுபிடிக்கணும்.’

அக்கா வட்டத்தைப் போட்டு எட்டுக் கோடு இழுத்திருந்தார். இளைஞரின் கட்டைவிரல் ஆட்காட்டிவிரலின் முதல் கணுவுக்குப் போயிருந்தது.

‘அப்ப இடது வலது ஆளுக்கு ஆளு மாறும். மெதுவா வாசி’ என்றார் அவர்.